மீட்டருக்கு இந்தப் பக்கம்

மாதம் இருபத்திரண்டு ரிங்கிட் வரும்.
இந்த முறை நூற்று எண்பத்தேழு.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி படித்தேன்.
எண் அசையவில்லை.

ஒரே வீடு, ஒரே மீட்டர்.
நடுவில் பலகைச் சுவர் எழுப்பி மூன்று வருஷம்.
அந்தப் பக்கம் தம்பி தணிகாசலம்,
இந்தப் பக்கம் நான்.
லாரிக் கடனுக்கு ஜாமீன் போட்டவளும்
போடவைத்தவனும்
பேசிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?
தண்ணீர் பில்லில் பாதியை மட்டும்
உறையில் போட்டு என் ஜன்னலில் செருகுவான்.
சென் வரைக்கும் சரியாக இருக்கும்.

இந்த மாத உறையில் பதினொரு ரிங்கிட்.
கூடவே ஒரு சீட்டு:
'மீதியை வாசல் கழுவுறவங்க கட்டட்டும்.'
அதே சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பினேன்:
'லாரி கழுவுறவங்க கட்டட்டும்.'

ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர்.
எவன் வைத்த பெயரோ.
எங்கள் வீட்டில் அது நிறமே இல்லாமல்
எங்கோ போய்க்கொண்டிருந்தது.

இரவு இரண்டு மணி.
டார்ச் எடுத்துக்கொண்டு கேட்டோரம் போனால்
அங்கே ஏற்கெனவே ஒரு வெளிச்சம்.
கைலியை மடித்துக் கட்டிக் குந்தியபடி
மீட்டர் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடிக்க
ஒரே நேரத்தில் வந்திருந்தோம்.

'உன் பக்கம்?'
'அடைச்சாச்சு. உன்னோடது?'
'அடைச்சாச்சு.'

கண்ணாடிக்குள் சின்னச் சிவப்புச் சக்கரம்
யாரையும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.
மலைக்கோயில் விளக்குகள் அணைந்திருந்தன.
தெருநாய் ஒன்று வந்து
அதுவும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

காலையில் வந்த பையன் ஃபிர்தாவ்ஸ்
ஷூ நுனியால் மீட்டரைத் தொட்டுக் காட்டினான்:
அது வரைக்கும் எங்களோடது, அக்கா.
அதற்கு இந்தப் பக்கம் உங்களோடது.
'உங்களோடது' என்றபோது
எங்கள் இருவரையும் சேர்த்தே பார்த்தான்.
அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

பக்கத்து வீட்டு காக் ரொஹானியின் வாழை
ஒரே வருஷத்தில் மூன்று தார் ஈன்றிருந்தது.
என்ன உரம் போடுறீங்க என்று கேட்டிருக்கிறேன்.
'ரெஸ்கி' என்று சிரித்தார்.
இப்போது கணக்குத் தெரியும்:
ரெஸ்கி, நூற்று அறுபத்தைந்து ரிங்கிட்.

பிளம்பர் ஆ செங்குக்கு எழுபது வயது.
இரும்புக் கம்பியின் ஒரு நுனியைச் சிமெண்டில் ஊன்றி
மறு நுனியில் காதை வைத்தார்.
'பேசாதீங்க' என்றார்.
நாங்கள் எங்கே பேசினோம்?

அவர் சாக்பீஸால் வட்டம் போட்ட இடத்தில்
தம்பியே கடப்பாரையை இறக்கினான்.
அந்தச் சிமெண்ட் அவன் போட்டது,
நான் கலந்து கொடுத்தது.
இரண்டடி ஆழத்தில் கருவாட்டு நிறத்தில் குழாய்.
அதில் மூக்குத்தி குத்தினாற்போல் ஒரே ஒரு ஓட்டை.
ஊசியாய்ப் பீய்ச்சிய நீர்
அவன் கன்னத்தில் நேராக அடித்தது.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
முழுதாக இல்லை.

புதுக் குழாய், கூலி எல்லாம் சேர்த்து
அறுநூற்று நாற்பது.
முந்நூற்று இருபதை எண்ணி வைத்தான்.
கூட ஒரு சொல் வைக்கவில்லை.

பலகைச் சுவர் அப்படியேதான் இருக்கிறது.
உறை இப்போதும் ஜன்னலில்தான் வருகிறது.
தூக்கம் பிடிக்காத இரவில் மட்டும்
நான் போய் மீட்டர் மூடியைத் தூக்குகிறேன்.
நிற்கிற சக்கரத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

நேற்று அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில்
திடுமென்று அசைந்தது.
என் பக்கம் எல்லாம் அடைத்திருந்தது.
கழிவறைத் தொட்டி நிரம்பும் நேரம் சுற்றி
நின்றது.

விழித்திருக்கிறான்.
சர்க்கரைக்காரன், இரவில் நாலு முறை எழுவான்.
ஒரு முறைக்கு ஆறு லிட்டர் போகுமா?
போகட்டும்.
அதில் பாதி என் காசு.